முன்னாலா, பின்னாலா? கார் டயர் சுழற்சியையும் மாற்றத்தையும் சுற்றிய நெடுநாள் விவாதம்

முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. பின் டயர்கள் இன்னும் ஓராண்டு தாங்கும். கையில் இருக்கும் பணம் இரண்டு புது டயருக்குத்தான் காணும். அந்தப் புது ஜோடியை எங்கே மாட்டுவது? டயர் கடையில் ஒரு பதில் கிடைக்கும், வண்டியோடு வந்த கையேட்டில் இன்னொன்று இருக்கும், பல ஆண்டுகள் வாடகை வண்டி ஓட்டியவர் வேறொன்று சொல்வார். டயர்களை இடம் மாற்றிப் போடுவதா வேண்டாமா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, நேராகவா குறுக்காகவா, ஸ்டெப்னியையும் சேர்த்தா என்பவற்றிலும் இதே நிலைதான்.

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த இடம் உண்டு. ஒரு காலத்து டயருக்கும் ஒரு வகை வண்டிக்கும் பொருந்திய அறிவுரை, வண்டி மாறிய பின்னும் வாய்வழியாக நீடிக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. டயர் பற்றிய அறிவுரைகளில் சிக்கனம், பாதுகாப்பு என்ற இரண்டு நோக்கங்கள் கலந்து கிடக்கின்றன. நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்தால் பணம் மிச்சமாகும் என்பது ஒன்று. மழையில், வளைவில், அவசர பிரேக்கில் வண்டி கட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே வழியைக் காட்டும். சில கட்டங்களில் எதிரெதிர் வழிகளைக் காட்டும். அந்தக் கட்டங்களில்தான் விவாதம் முடியாமல் நீள்கிறது.

சுழற்றும் வழக்கத்தின் தோற்றம்

ஒரு காரின் நான்கு டயரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன்சக்கரங்கள் திரும்பும்போது அவற்றின் ஓரங்கள் தரையோடு தேய்கின்றன. என்ஜினின் விசை இழுவைச் சக்கரங்கள் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயர்களுக்கு வருகிறது. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி போன்ற பின்சக்கர இழுவைக் கார்களில் இந்தச் சுமை ஓரளவு பகிரப்பட்டிருந்தது: முன் ஜோடி வண்டியைத் திருப்பியது, பின் ஜோடி தள்ளியது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவையை இந்தியச் சாலைகளில் பரவலாக்கியது. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு என மூன்றும் முன் ஜோடியின் தலையில் விழுந்தன. இத்தகைய வண்டியில் முன் டயர்கள் பின் டயர்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தேய்வது சாதாரணம்.

சுழற்சி வழக்கம் இதற்கு முந்தையது. நம் ஊரில் நைலான் டயர் என்று அறியப்பட்ட குறுக்கு இழை டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன, ஒழுங்கில்லாமலும் தேய்ந்தன. ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருந்தது. ஐந்து டயரையும் குறுக்கும் நெடுக்கும் வரிசையாக மாற்றிப் போட்டால் ஐந்தும் ஏறத்தாழ ஒன்றாகத் தேயும். இது முழுக்கச் சிக்கனத்தில் பிறந்த முறை. பாதுகாப்புக் கணக்கு எதுவும் அதில் இருக்கவில்லை.

மிஷ்லென் நிறுவனம் 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரி, சில ஆண்டுகளில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஜே.கே. டயர் 1977-இல் ரேடியல் தயாரிப்பைத் தொடங்கியது. ரேடியலோடு ஒரு புதிய தடையும் வந்தது: வலப்பக்கம் ஓடியதை இடப்பக்கம் மாட்டக்கூடாது. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ஒரு திசைச் சுழற்சிக்குப் பழகிவிடும், திசை மாறினால் பட்டை பிரியலாம் என்ற அச்சமே அதன் அடிப்படை. அன்றைய டயர்களுக்கு அந்த அச்சம் நியாயமாக இருந்திருக்கலாம். தயாரிப்பு முறை மேம்பட்டபின் நிறுவனங்களே அந்தத் தடையைக் கைவிட்டன. ஆனால் ‘ரேடியலைக் குறுக்கே மாற்றாதே’ என்ற வாக்கு இன்றும் பட்டறைகளில் கேட்கிறது.

இன்று பரவலாக ஏற்கப்படும் முறை இதுதான். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் குறுக்காக முன்னால் வரும். பின்சக்கர, நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இது தலைகீழ்: பின் டயர்கள் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் குறுக்காகப் பின்னால் போகும். குறுக்கே போகும் டயரின் சுழற்சித் திசை மாறுவதால், ஓரக் கட்டைகளில் ஒரு முனை மட்டும் தேய்ந்து உருவாகும் ரம்பப்பல் தேய்மானம் சமனாகிறது. டயர் நடுவயதில் எழுப்பும் ‘ஊம்’ என்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் அந்த ரம்பப்பல்தான் காரணம். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களைக் குறுக்கே மாற்றக்கூடாது. முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் டயர் கொண்ட வண்டியில் முன்-பின் மாற்றத்துக்கே இடமில்லை.

சுழற்ற வேண்டாம் என்போர்

சுழற்சியை ஏற்காத ஒரு தரப்பும் உண்டு, அவர்கள் சொல்வதில் சாரம் இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. தன் கையேடுகளில் நெடுங்காலம், நான்கும் ஒரே அளவாக இருந்தாலும் முன்-பின் மாற்றத்தைத் தவிர்க்கும்படி எழுதியது. ஒவ்வொரு அச்சின் கோணங்களுக்கும் ஏற்றபடி டயர் ஓர் உருவில் தேய்கிறது, அந்த உருவை வேறு அச்சில் கொண்டுபோய் மாட்டினால் வண்டியின் நடத்தை கெடக்கூடும் என்பது இதன் பின்னுள்ள வாதம்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது: சுழற்சி நோயை மறைக்கிறது. டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வு கெட்டிருக்கிறது. கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் மறுதிசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லை. இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். டயர் தான் நின்ற சக்கரத்தின் கதையை இப்படித் தன் மேல் எழுதிவைக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரு சக்கரத்தின் கோளாறு நான்கு டயருக்கும் பங்கு போடப்பட்டு, எது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும்.

இந்தத் தரப்பின் பலவீனம், இது வாங்குபவரின் பையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே. முன்சக்கர இழுவைக் காரில் சுழற்றாமல் விட்டால், பின் ஜோடி ஒருமுறை தேய்வதற்குள் முன் ஜோடியை இருமுறை வாங்க நேரும். அதற்கிடையில் பின் ஜோடிக்கு வயதும் ஆகிவிடும். அதனால் பெரும்பாலான சிறிய கார்களுக்குத் தயாரிப்பாளர்களே 5,000 முதல் 10,000 கி.மீ. இடைவெளியில் சுழற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். மறைப்பு பற்றிய எச்சரிக்கைக்கும் ஒரு தீர்வு உண்டு: இடம் மாற்றும் முன் நான்கு டயரின் பள்ளத்தையும் உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடங்களில் அளந்து எழுதிவைப்பது. இதைச் செய்யும் பட்டறைகள் அரிது. வாடிக்கையாளர் கேட்டால் செய்யக்கூடியதுதான்.

புது ஜோடி எங்கே?

முதல் தரப்பு ‘முன்னால்’ என்கிறது. காரணங்கள் உடனே புரிபவை. திருப்பும் சக்கரங்கள் முன்னால், பிரேக்கின் சுமை முன்னால், முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். இந்த நம்பிக்கைக்குக் கனரக வாகனங்களின் ஆதரவும் உண்டு. பேருந்திலும் லாரியிலும் புது டயர் முன்னால் ஓடும், ரீட்ரெடிங் செய்த டயர் பின்னால் ஓடும். அங்கே அது சரியான ஏற்பாடு. பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும், முன்னால் அந்தக் காவல் கிடையாது. காரின் பின் அச்சில் இரட்டை டயர் இல்லை. கனரக ஓட்டுநர்களிடமிருந்து கார் ஓட்டுநர்களுக்கு இந்த விதி கைமாறியபோது, அதன் நிபந்தனை வழியிலேயே விடுபட்டுவிட்டது என்று கருத இடமுண்டு. இன்னொன்று, டியூப் உள்ள டயர் ஆணி குத்தினால் சட்டென்று காற்றை இழக்கும், டியூப்லெஸ் ரேடியல் பெரும்பாலும் மெல்லத்தான் இழக்கும். முன் டயர் வெடிப்பு பற்றிய அச்சத்தில் ஒரு பகுதி டியூப் காலத்துக்கு உரியது.

இரண்டாவது தரப்பு ‘பின்னால்’ என்கிறது. மிஷ்லென் உள்ளிட்ட பெரிய டயர் நிறுவனங்களும், பல நாடுகளின் டயர் தொழில் அமைப்புகளும், முன்சக்கர இழுவைக் காருக்கும் இதையே சொல்கின்றன. ஈரமான வளைவில் முன் டயர் பிடி இழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். ஸ்டியரிங் லேசாகிப்போவது கையில் தெரியும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே சரியான செயலாகிறது, எடை முன்னால் வந்து பிடி திரும்பும். பின் டயர் பிடி இழந்தால் வண்டியின் வால் வெளியே வீசும். முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் கைக்கு வராது. அப்போது காலை எடுத்தால் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகும், வண்டி சுழல்வது கூடும். பயந்த மனிதன் இயல்பாகச் செய்வது முதல் நிலையில் உதவுகிறது, இரண்டாம் நிலையில் கெடுக்கிறது. இதுதான் இந்தத் தரப்பின் மிக வலுவான வாதம். இதற்குச் சமமான மறுவாதம் முதல் தரப்பிடம் இல்லை.

முதல் தரப்பு முன்வைக்கக்கூடிய ஒரு பதில் உண்டு. நேர்ச்சாலையில் முன் டயர்கள் தண்ணீரை விலக்கிச் செல்வதால், பின் டயர்கள் ஓரளவு துடைத்த பாதையில்தான் உருள்கின்றன, ஆகவே நல்ல பள்ளம் முன்னால்தான் தேவை. நேர்ச்சாலை வரை இது உண்மை. வளைவில் பின் டயரின் பாதையும் முன் டயரின் பாதையும் ஒன்றாக அமைவதில்லை, துடைத்த தடம் அங்கே கிடைக்காது.

ஆனால் பின் தரப்பின் சான்றுகளையும் கேள்வியில்லாமல் ஏற்க முடியாது. அவற்றில் பல டயர் நிறுவனங்களின் சொந்தச் சோதனைத் தளங்களில் நடந்த செயல்விளக்கங்கள். நீர் தேங்கிய வட்டப்பாதையில், ஏறத்தாழ மொட்டையான டயரையும் புத்தம்புது டயரையும் ஒப்பிட்டு, வண்டி சுழல்வதைக் காட்டுகிறார்கள். வேறுபாடு உச்சத்தில் இருக்கும்போது நடப்பதை அது காட்டுகிறது. 5 மி.மீ. பள்ளமும் 7 மி.மீ. பள்ளமும் உள்ள ஜோடிகளுக்கு இடையே அதே அளவு ஆபத்து இருப்பதாக அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. வால் வீசத் தொடங்கியதும் தனிச் சக்கரங்களில் பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் இ.எஸ்.சி. கருவி அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டு முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். அது பின் டயர் வழுக்கலின் ஆபத்தைக் குறைக்கிறது. அதே சமயம் அந்தக் கருவியும் டயரின் பிடியைக் கொண்டுதான் வேலை செய்கிறது, பிடியே இல்லாத இடத்தில் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது தரப்பு, இரண்டாக வாங்கவே வேண்டாம், நான்கையும் ஒன்றாக மாற்று என்கிறது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். சுபரு நிறுவனம் நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக்கூடாது என்கிறது. கால் அங்குலச் சுற்றளவு என்பது ஆரத்தில் சுமார் 1 மி.மீ. மட்டுமே. அதை மீறினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகொடுத்துச் சூடேறும். இருசக்கர இழுவைக் காருக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே இந்த அறிவுரை கடைக்காரரின் ஆதாயத்தோடு ஒத்துப்போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அறிவுரைகள் மோதும் இடம்

முன்சக்கர இழுவைக் காருக்கான இரண்டு பொதுவான அறிவுரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முரண் வெளிப்படும். ‘அதிகம் பள்ளம் உள்ள ஜோடி பின்னால் இருக்கட்டும்’ என்பது பாதுகாப்பு விதி. ‘தேய்ந்த முன் ஜோடியைப் பின்னாலும், தேயாத பின் ஜோடியை முன்னாலும் மாற்று’ என்பது சுழற்சி விதி. சுழற்சி செய்யும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு விதியை நாம் மீறுகிறோம். ஒரே கையேடு இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் சொல்வதும் உண்டு.

இந்த முரணைத் தீர்ப்பது கிலோமீட்டர்தான். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். புது டயரின் பள்ளம் 8 மி.மீ., முன் ஜோடி 40,000 கி.மீ. ஓடி 1.6 மி.மீ. ஆகிறது, பின் ஜோடி அதில் பாதி வேகத்தில் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும் முன்னால் 1.6 மி.மீ., பின்னால் 0.8 மி.மீ. குறைகிறது. 10,000-இல் சுழற்றினால் இரு ஜோடிக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.8 மி.மீ., இரண்டிலும் தாராளமாகப் பள்ளம் இருக்கும். ஆபத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சுழற்சியை மறந்துவிட்டு 30,000-இல் நினைவு வந்து மாற்றினால் 3.2 மி.மீ. டயர்கள் பின்னாலும் 5.6 மி.மீ. டயர்கள் முன்னாலும் போகும். பாதுகாப்புத் தரப்பு எதை வேண்டாம் என்கிறதோ, அதுவே ‘பராமரிப்பு’ என்ற பெயரில் நடந்துவிடுகிறது.

ஆகவே சுழற்சி நல்லதா கெட்டதா என்ற பழைய கேள்வியே பொருத்தமற்றது. முதல் பத்தாயிரத்தில் தொடங்கி விடாமல் செய்தால் அது நல்லது. விட்டுவிட்டால், பிறகு தொடங்காமல் இருப்பதே மேல். பின் ஜோடியைப் பின்னாலேயே விட்டு முன் ஜோடி முடியும்வரை ஓட்டலாம். பிறகு இரண்டு வாங்கும்போது புதியதைப் பின்னால் போட்டு, பழைய பின் ஜோடியை முன்னால் கொண்டுவரலாம். விடாமல் சுழற்றியவருக்கு நான்கும் ஒன்றாக முடியும், ‘முன்னாலா பின்னாலா’ என்ற கேள்வியே அவருக்கு வராது. அவருக்கு வரும் சிரமம் வேறு: நான்கு டயரின் விலையை ஒரே மாதத்தில் புரட்ட வேண்டும். பல குடும்பங்கள் சுழற்சியைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

இடம் மாற்றியதும் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் அடிக்கடி விடுபடுகின்றன. பல கார்களில் முன், பின் காற்றழுத்தம் வேறு வேறு. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்து அழுத்தத்தைத் திருத்த வேண்டும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

எந்த அளவில் கழற்றுவது

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி, கார்களுக்கு 1.6 மி.மீ., இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 0.8 மி.மீ. என்று குறைந்தபட்சப் பள்ளத்தை வகுக்கிறது. 1.6 மி.மீ. என்பது அமெரிக்க அளவான 2/32 அங்குலத்தின் மெட்ரிக் வடிவம். பிரிட்டனில் 1 மி.மீ. ஆக இருந்த வரம்பு 1992 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஆணைப்படி 1.6 ஆனது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே உள்ள சிறு மேடுகள், பட்டன் என்று நாம் சொல்லும் மேல் ரப்பர் தேய்ந்து அவற்றோடு சமமாகும்போது இந்த எல்லையைக் காட்டும்.

பள்ளத்தின் வேலை தண்ணீரைக் கடத்துவது. 165 மி.மீ. அகல டயர் 3 மி.மீ. நீரில் 80 கி.மீ. வேகத்தில் போனால், வினாடிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அகற்ற வேண்டும். அகற்ற முடியாதபோது டயர் நீர்மேல் மிதக்கிறது. இந்த நிகழ்வை 1963-இல் நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் ஆகியோர் ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கினர்: மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது சுமார் 94 கி.மீ., 24 பி.எஸ்.ஐ.யில் சுமார் 82 கி.மீ. விமான டயர்களைக் கொண்டு, பள்ளத்தால் கையாள முடியாத அளவு நீர் தேங்கிய நிலைக்கு வகுத்த சூத்திரம் இது. காருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் தேய்ந்த டயரில் காற்றும் குறைந்தால் என்ன ஆகும் என்பதன் போக்கை அது காட்டுகிறது.

1.6 போதாது, 3 மி.மீ.யிலேயே மாற்று என்பது பிரிட்டனின் பாதுகாப்பு அமைப்புகள் நீண்ட காலமாகச் சொல்வது. ஈரத்தளத்தில் நிற்கும் தூரம் அந்த அளவுக்குக் கீழே வேகமாகக் கூடுவதைக் காட்டும் சோதனைகள் இதற்கு ஆதாரம். மிஷ்லென் 2017 வாக்கில் இதை வெளிப்படையாக எதிர்த்தது. 3 மி.மீ.யில் கழற்றினால் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்கு 12.8 கோடி டயர்கள் கூடுதலாகத் தேவைப்படும் என்றும், தேய்ந்த நல்ல டயர் சில புதிய மட்டரக டயர்களைவிட ஈரத்தில் நன்றாக நிற்கும் என்றும் வாதிட்டது. டயர் விற்கும் நிறுவனமே குறைவாக வாங்கச் சொன்னதால் இந்த வாதத்துக்கு நம்பகம் கூடியது. தேய்ந்தாலும் தரம் குறையாத டயர் தன் சந்தை பலம் என்று அந்த நிறுவனம் கருதியதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். விவாதத்தின் விளைவு பயனுள்ளது: ஐரோப்பாவில் 2024 முதல் புதிய வகைக் கார் டயர்கள் தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும். இந்தியாவில் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 142 தரவிதி ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு வகுத்தது. அது புது டயருக்கு உரியது.

தேயாமலே முதிரும் டயர்

பட்டன் முழுதாக இருந்தும் டயர் ஆபத்தாகலாம் என்பதை உலகம் கவனித்தது 2000 ஆகஸ்டில். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெப்பப் பகுதிகளில், வேகத்தில் போகும்போது பட்டை பிரிந்து உரிந்தன. 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இருநூறுக்கு மேற்பட்ட உயிரிழப்புகள் அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டன. தயாரிப்புக் குறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அழுத்தமா என்று இரு நிறுவனங்களும் பகிரங்கமாக மோதிக்கொண்டன. அதன்பின் நடந்த ஆய்வுகள் முதிர்ச்சியின் இயக்கத்தைத் தெளிவாக்கின. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் ரப்பரின் ஊடே கசிந்து, எஃகுப் பட்டைகளைப் பிணைக்கும் பகுதியை இறுக்கி உடையச் செய்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. வெளியே விரிசல் தெரியாமலேயே இது நடக்கலாம்.

எத்தனை ஆண்டு என்பதில் ஒற்றுமை இல்லை. ஃபோர்டு உள்ளிட்ட பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டு என்கின்றன. மிஷ்லென், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதித்து, பத்தாம் ஆண்டில் கட்டாயம் மாற்று என்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் வயது வரம்பைச் சட்டமாக்கவில்லை. பிரிட்டனில் 2012-இல் மூவர் இறந்த பேருந்து விபத்தில், வெடித்த முன் டயருக்கு வயது 19 என்று தெரியவந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 பிப்ரவரி முதல் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயர்களுக்கு அங்கே தடை வந்தது. கார்களை அந்தத் தடை தொடவில்லை.

ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் வைக்க முடியாது என்பதற்கு அமெரிக்கக் காப்பீட்டுத் தரவு ஒன்று சான்று. டெக்சஸ், கலிஃபோர்னியா, லூயிசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் 27 விழுக்காடு காப்பீடுகளே இருந்தன. டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்து வந்தன, அவற்றில் 84 விழுக்காடு ஆறு ஆண்டைத் தாண்டிய டயர்கள். வேலூரிலும் கரூரிலும் திருத்தணியிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நிற்கும் கார்களுக்கு, பத்தாண்டு என்ற எண்ணைவிட ஆறு என்ற எண்ணே நெருக்கமானது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இங்கே ஸ்டெப்னி தனிக் கவனத்துக்கு உரியது. ஏழாண்டு டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியின் பட்டன் புதிதாகவே இருக்கும். பக்கவாட்டில் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் வேறு கதை சொல்லும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அம்பாஸடர் காலத்து ஐந்து டயர் சுழற்சியில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஸ்டெப்னியும் மற்றவற்றோடு ஓடித் தேய்ந்தது. இன்று பல கார்களில் ஸ்டெப்னி அளவில் சிறியது, சுழற்சியில் சேர்க்க முடியாது. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் இந்திய விதியும் திருத்தப்பட்டது.

திறந்திருக்கும் கேள்விகள்

இத்தனை விவாதத்திலும் எதிர்ப்பே இல்லாத ஒரு விஷயம் காற்றழுத்தம். அமெரிக்க விபத்து ஆய்வொன்றில், கால்பங்குக்கு மேல் காற்று குறைந்த வண்டிகளில் டயர் கோளாறு மூன்று மடங்கு காணப்பட்டது. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் காற்றைப் பார்ப்பதோடு ஒப்பிட்டால், நேரா குறுக்கா என்ற சுழற்சி முறை வேறுபாடுகள் இரண்டாம் நிலையில்தான் நிற்கும்.

தீராதவை மூன்று. இ.எஸ்.சி. உள்ள வண்டிகளில் முன்-பின் பள்ள வேறுபாடு எத்தனை மில்லிமீட்டர் வரை பொறுக்கத்தக்கது என்பது ஒன்று. வெப்ப நாடுகளில் டயரின் வயது வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்தியச் சந்தையின் டயர்கள் 3 மி.மீ.க்கும் 1.6 மி.மீ.க்கும் இடையே ஈரப்பிடியை எவ்வளவு இழக்கின்றன என்பது மூன்றாவது. ஐரோப்பிய, அமெரிக்கச் சோதனைகள் இவற்றுக்குப் பாதி விடைதான் தரும்.

மீதிப் பாதிக்கு நம் சாலைகளின் தரவு வேண்டும். 2022-இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன, 1,68,491 பேர் இறந்தனர். விபத்து எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. மத்திய அரசின் ஆண்டறிக்கை விதிமீறல் வாரியாகக் காரணங்களைப் பிரிக்கும்போது அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசைப் பயணம், சிவப்பு விளக்கு மீறல், கைபேசி என்று அடுக்குகிறது. டயரின் பள்ளமும் வயதும் அழுத்தமும் அந்த அடுக்கில் இல்லை. டயர் வெடிப்பு இறைவன் செயல் அல்ல, மனிதக் கவனக்குறைவு என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் ஓர் இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச்சாலையின் நுழைவாயில்களில் தேய்ந்த டயரோடு வந்த வண்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன. நீதிமன்றமும் சாலை அதிகாரிகளும் பொறுப்பை உரிமையாளரிடம் வைத்துவிட்டார்கள். அவர் எந்த அளவில், எந்த வயதில் கழற்ற வேண்டும் என்பதற்கு இந்தியச் சான்றைத் தருவது அரசின் கடமை.

அதற்கான கருவி கையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐ-ராட் என்ற விபத்துத் தரவுத்தளம் நாடெங்கும் காவல் துறையின் பயன்பாட்டில் உள்ளது. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு கார் விபத்திலும் நான்கு டயரின் பள்ள ஆழம், தயாரிப்பு வாரம், எஞ்சிய காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அளந்து பதிவதைக் கட்டாயமாக்கி, அந்தத் தரவை ஆய்வாளர்கள் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். ஒரு விபத்துக்கு இது கால்மணி நேர வேலை.